முன்கையில் ஒரு விலாசம்

பச்சை குத்தும் வேலைக்கு நான் போனது கலையார்வத்தால் அல்ல. பள்ளி இறுதித் தேர்வில் தேறி, சர்க்கார் உத்தியோகத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, பதில் வராமல் உட்கார்ந்திருந்த காலம் அது. இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியிருந்தது. திண்டிவனம் சந்தையில் பச்சை குத்திக்கொண்டிருந்தவருக்குத் தேளும் கோலமும் கண்ணை மூடிக்கொண்டே வரும், எழுத்து வராது. வருகிறவர்களோ பெயர் குத்தச் சொல்லிக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். எழுத ஆள் வேண்டும் என்றார், போனேன். அவரும் ஏறக்குறைய என் வயதுதான். நான் பென்சிலால் தோலில் எழுதித் தருவேன், அவர் அதன்மேல் குத்துவார். சில மாதங்களில் அவருக்கே அலுத்துப்போய், "நீயே குத்திக்கினு இரு, நான் டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று ஊசியைக் கையில் கொடுத்தார். அந்த டீ நெடுநாள் நீடித்தது.

மூன்று ஊசிகளை ஒரு குச்சியில் நூலால் இறுகக் கட்டினால் கருவி. விளக்குக் கரியை இலைச்சாற்றில் குழைத்தால் மை. ஊசி போதுமான அளவு இறங்காவிட்டால் எழுத்து உதிர்ந்துவிடும், அதிகம் இறங்கினால் சீழ் பிடிக்கும். சொல்லுவதற்கு இவ்வளவுதான். கைக்குப் புரியத்தான் நாளானது. முதலில் பூசணிக்காயில் பழகினேன், பிறகு என் தொடையில். பின்னாளில் உத்தியோகத்தில் சேர்ந்தபோது அங்க அடையாளம் கேட்டார்கள். 'இடது தொடையில் உயிரெழுத்துகளில் பாதி' என்று எழுதித் தர மனம் வரவில்லை. ஒரு மச்சத்தைக் காட்டித் தப்பித்தேன்.

ஊசியைவிட ஆட்களைச் சமாளிப்பது கடினம். கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்த ஒரு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரி மணிக்கட்டில் கடிகாரம் குத்தச் சொன்னார். மணி எத்தனை வைக்கட்டும் என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகப் போனவர் பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வந்து, "ஒம்போதரை வையி. கோர்ட்டு தொறக்கறதுக்கு முன்னாடி இருக்கட்டும்" என்றார். காதலியின் பெயரைக் குத்திக்கொண்ட ஒருவன் அடுத்த சந்தைக்கே வந்து அழிக்கச் சொன்னான். குத்தியதை அழிக்க முடியாது, பெரிதாக வேறொன்றைக் குத்தி மறைக்கலாம் என்பதே நடைமுறை. அவன் கையில் ஏறிய மயில், மயிலுக்குத் தேவையானதைவிடப் பருமனாக இருந்தது.

அப்படியொரு சந்தை நாளில் திருவக்கரைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் மகனை இழுத்துக்கொண்டு வந்தாள். கூலிக்கு நாற்று நடுகிற குடும்பம். மகன் பட்டாளத்தில் சேர விழுப்புரம் போவதாக இருந்தான்.

"சாமி, இவன் கையில இவன் பேரு, அப்பன் பேரு, ஊரு, தபாலு, தாலுக்கா எல்லாம் குத்திடு."

"எதுக்கும்மா அவ்வளவு?"

"கண்காணாத சீமையில எங்கனா உழுந்து கெடந்தான்னா, ரயில்காரன் படிச்சுப் பாத்து இங்க கொண்ணாந்து எறக்கிடுவான் இல்ல?"

மகன் தலையில் அடித்துக்கொண்டான். "நான் இன்னா புளி மூட்டையா யம்மா? சார், நீங்க ஒரு சிங்கம் போடுங்க."

"சிங்கத்துக்கு ஊரு ஏதுடா? அத்த யாரு வூட்ல எறக்குவான்?"

பட்டாளத்தில் ஒவ்வொருவனுக்கும் நம்பர் பொறித்த வில்லை தருவார்கள், கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும் என்று விளக்கினேன். உடல் வராது, தந்திதான் வரும் என்பதை விளக்கவில்லை.

"கவுறு அறுந்துட்டா?" என்றாள்.

பென்சிலை எடுத்து அவன் முன்கையில் எழுதினேன். பிறகு குத்த ஆரம்பித்தேன். பெயர், அப்பன் பெயர், ஊர் வரை பொறுத்துக்கொண்டவன், "போதும் சார், பேஜாராகீது" என்று கையை உருவிக்கொண்டான். ஈரம் படக்கூடாது, மஞ்சளைத் தவிர எதையும் தடவக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.

பொருக்குக் கட்டும்போது பச்சை மங்கித்தான் தெரியும். அந்த அம்மாளுக்கு அது தெரியாது. ரயில்காரன் கண்ணுக்கு எட்டாதே என்று பயந்து, சட்டியடிக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மகன் தூங்கும்போது அழுத்தித் தேய்த்திருக்கிறாள். கை தூணாக வீங்கிவிட்டது. அந்தக் கையோடு, பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடிய பஸ்ஸில் ஏறி விழுப்புரம் போனவனை, ஆட்சேர்க்கும் டாக்டர் ஒரு பார்வை பார்த்து, ஆறிய பிறகு வரச்சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

அடுத்த சந்தைக்கு அவள் மடி நிறைய மல்லாட்டை கொண்டுவந்து என் முன்னால் கொட்டினாள். "உன் கையி ராசியான கையி சாமி." கூடவே வேறு இரண்டு தாய்மார்கள். தங்கள் பிள்ளைகளுக்கும் அதேபோல வீங்குகிற மாதிரி குத்த வேண்டுமாம். அந்தத் தொழிலில் நான் வாங்கிய ஒரே பாராட்டு, நான் செய்யாத வேலைக்கு. அவர்களைத் திருப்பி அனுப்புவதற்குள் தொண்டை வறண்டுவிட்டது.

கை ஆறியதும் அவன் தானாகவே வந்தான். அவள் பின்னால் நின்றாள்.

"மீதியும் எழுதிடுங்க சார். பாக்கி வச்சா அம்மாவுக்குத் தூக்கம் வராது."

"போயே ஆகணுமா?" என்று கேட்டேன். என் வேலையில் அந்தக் கேள்வி சேராது.

"அறுப்பு முடிஞ்சா இங்க இன்னா சார் கீது? அங்க சோறு போடறான். அம்மாவுக்கு மணியார்டர் வரும்."

அவன் கை கழுவப் போன நேரத்தில் அவள் குனிந்தாள். "சாமி, கொஞ்சம் ஆழமா குத்திடு. கை போவட்டும்னு சொல்லல. வீங்கட்டும். அவ்ளோதான்."

ஊசி தவறாத சரியான ஆழம் அதற்குள் என் கைக்கு வந்திருந்தது. வராமல் இருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவன் வந்து உட்கார்ந்து, முகத்தைத் திருப்பாமல் கையை நீட்டினான். நான் வேலையை ஒழுங்காகவே செய்தேன். முடித்ததும், "மஞ்சளைத் தவிர எதையும் தடவாதே. யாரு தடவ வந்தாலும் கையைக் கொடுக்காதே" என்றேன். அவளுக்குக் கேட்கும்படித்தான் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. மகனின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, படிக்கத் தெரியாத எழுத்துகளின் மேல், படாமல் விரலை ஓட்டினாள்.

"இதான் ஊரா சாமி?"

"ஆமாம்."

"இது தாலுக்காவா?"

"ஆமாம்."

"ஜில்லா எங்க?"

"ஜில்லா வேண்டியதில்லம்மா. தபால் திண்டிவனம்னு இருந்தா போதும்."

"வந்துடுமில்ல?"

"வந்துடும்" என்றேன். கடிதத்தைப் பொறுத்தவரை அது சரியான பதில்.