ரன்னும் ஜன்னலோர சீட்டும்

காலேஜ் சேர்ந்த முதல் வாரம் எங்கள் இங்கிலீஷ் மேடம் போர்டில் ‘ரன்’ என்று எழுதி, "இதுக்கு எத்தனை அர்த்தம் கொண்டுவர்றீங்கன்னு பாக்கலாம்" என்றார். மற்றவர்கள் அன்றைக்கே அதை மறந்துவிட்டார்கள். நானும் என் தோழியும் மட்டும் பந்தயமாக்கிக்கொண்டோம்.

இருவரும் திருமலைராயன்பட்டினத்தில் ஒரே ஸ்டாப்பில் காரைக்கால் பஸ் ஏறுவோம். உட்கார்ந்ததும் மாற்றி மாற்றி ஒவ்வொரு அர்த்தமாகச் சொல்ல வேண்டும். முதலில் முடியாமல் போகிறவள் ஜன்னலோர சீட்டை விட்டுக்கொடுக்க வேண்டும். ஓடுவதில் ஆரம்பித்தோம். அவள் வாப்பா ஜவுளிக்கடை நடத்துவதும் ரன்தான், அங்கே வாங்கிய என் தாவணி முதல் துவைப்பிலேயே சாயம் போனதும் ரன்தான். தேர்தலில் நிற்பது, மூக்கு ஒழுகுவது, தியேட்டரில் படம் ஓடுவது என்று நீண்டுகொண்டே போகும். இரண்டு ஸ்டாப் தாண்டுவதற்குள் அவள் உதட்டைப் பிதுக்கி, "தெரியலடி" என்பாள். அரசலாற்றுப் பாலத்தில் காற்று முகத்தில் அடிக்கும்போது எனக்கு உலகத்தையே ஜெயித்த மாதிரி இருக்கும். அந்த செமஸ்டர் முடிவதற்குள் சீட் எனக்கே பட்டா ஆகிவிட்டது.

இப்போது நானும் இங்கிலீஷ் டீச்சர். வருஷா வருஷம் வகுப்பில் இந்த வெற்றியைப் பீற்றிக்கொள்ளாமல் இருந்ததில்லை.

கல்யாணமாகி துபாய் போனவள் போன மாதம் ஊருக்கு வந்திருந்தாள். பார்க்கப் போனேன். அலமாரியில் அவளுடைய பழைய டிக்‌ஷனரி. ஆசையாக எடுத்து ‘ரன்’ இருந்த பக்கத்தைப் புரட்டினேன். ஒவ்வொரு அர்த்தத்துக்கும் பக்கத்தில் பென்சிலில், அவள் கையெழுத்தில், பொடிப்பொடியாகத் தமிழ். நான் கேள்விப்படாததெல்லாம் இருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. "தெரிஞ்சுகிட்டேதான் தோத்தியா?"

"ஜன்னலோரம் இல்லன்னா நீ வாந்தி எடுப்ப. சும்மா உட்காருடின்னா கேப்பியா? உனக்குத்தான் ரோஷம் பொத்துகிட்டு வருமே."

இத்தனை வருஷம் பீற்றியதை நினைத்து வெட்கமாக இருந்தது. அந்த வயசிலேயே எனக்காக இவ்வளவு யோசித்திருக்கிறாளே என்று அந்தப் பென்சில் எழுத்துகளை மறுபடி படித்தேன்.

சாயங்காலம் அவளுக்குக் காரைக்காலில் ஏதோ வாங்க வேண்டியிருந்தது. வேண்டுமென்றே பஸ்ஸில் போனோம். பழக்கதோஷத்தில் ஒதுங்கி எனக்கு வழிவிட்டாள். நான் நகரவில்லை.

"அப்ப ரன்னுக்கு ஒரு அர்த்தம் சொல்லு" என்றாள் சிரித்துக்கொண்டே.

நாக்கு நுனியில் பத்து வந்து நின்றன.

"தெரியலடி" என்றேன்.

அவள் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். நான் கைப்பைக்குள் பாலிதீன் பை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டேன்.