சாராள் அக்கா சத்தமாகச் சொன்ன விண்ணப்பம்

மாதவிடாய் நின்று பல வருஷம் கழித்து எனக்கு மறுபடியும் இரத்தம் படத் தொடங்கியது. மூன்று வருஷத்துக்கு முன்பு, ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவள் நான். உடம்புச் சூடுதான் என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. சபையில் ஜெப விண்ணப்பம் கேட்டபோது, "சரீர பலவீனம்" என்றேன். பெண்களுக்கு வருகிற எல்லா நோய்க்கும் எங்கள் சபையில் அந்த ஒரே பேர்தான். யாருக்கும் தெரியாமல் இதை நிறுத்திப்போடும் ஆண்டவரே என்று தனியே அழுவேன்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சாராள் அக்கா பஸ்ஸில் வருவார். ஒரு வெள்ளியன்று போதகர் ஐயாவும் இருந்தார். அக்கா எழுந்து நின்றார்.

"எனக்குத் தூரம் நின்ன பொறவும் ரத்தம் படுது. கர்ப்பப்பையில கேன்சர்னு சொல்லுதாவ. ஜெபம் பண்ணுங்க."

பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஜெபம் முடிந்ததும் அவரிடம் போய் நின்றேன். அழுகைதான் வந்தது. புரிந்துகொண்டு, மறுநாளே என்னையும் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

இருவருக்கும் கர்ப்பப்பையை எடுத்தார்கள். இருவருக்கும் முதல் கட்டம்தான். ஆனால் கட்டத்தை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. எந்த வகைப் புற்று, கர்ப்பப்பைச் சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, இரத்தக்குழாய்க்குள் புகுந்திருக்கிறதா, வயது என்ன, எல்லாம் பார்க்க வேண்டுமாம். என்னுடையது மெதுவாக வளர்கிற வகை, ஆழம் போகவில்லை. அக்காவுடையது முரட்டு வகை. அவருக்குக் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். நான் தறிக்குத் திரும்பினேன். அக்காவுக்கு நுரையீரலில் வந்துவிட்டது.

வாய் திறந்து சொன்னவளை விட்டுவிட்டு, மறைத்தவளை ஏன் பிழைக்கவைத்தீர் என்று ஆண்டவரோடு எத்தனையோ நாள் சண்டை போட்டேன். கடைசியாகப் பார்க்கப் போனபோது அக்காவிடமே அதைச் சொல்லி அழுதேன்.

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "ஏட்டி, நான் ரெண்டு பேருக்கும்தான் கேட்டேன். ஒண்ணு கிடைச்சிருக்கு. அதைக் குறை சொல்லாத."

அந்த வாரமே அவரை அடக்கம் பண்ணினோம். இன்னும் எனக்கு ஆறவில்லை.

ஆனாலும் சபைக்கு முன்னால் நன்றி சொல்லத்தான் நிற்கிறேன். யாருக்கும் தெரியக்கூடாது என்ற என் ஜெபத்தை ஆண்டவர் தள்ளிவிட்டார். அதனால்தான் உயிரோடு இருக்கிறேன். ஆண்களும் இருக்கிற இந்தக் கூட்டத்தில் சொல்கிறேன்: எனக்கு வந்தது கர்ப்பப்பைப் புற்றுநோய். சகோதரிகளே, மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் ஜெபம் பண்ணுங்கள், உடனே டாக்டரிடமும் போங்கள். இரண்டுமே அவரை நம்புவதுதான். துணைக்கு ஆளில்லை என்றால் நான் வருகிறேன். அக்கா இருந்திருந்தால் அவரே வந்திருப்பார்.