தங்கைக்கு வந்தது வேறு

தையல் கடையில் எல்லோரும் அவளைக் 'கட்டிங் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். துணியை விரித்து, சாக்பீஸால் இரண்டு கோடு இழுத்து, கத்திரியை வைத்தால் வைத்ததுதான், மறுபேச்சு கிடையாது. அப்படிப்பட்டவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம். கர்ப்பத்தில் வரும் பிரஷர்.

எட்டு வருஷத்துக்கு முன் அது அவளுக்கே வந்தது. ஏழு மாதத்தில் முகம் வீங்கியது, தலை விண்விண்ணென்று தெறித்தது, கண் முன்னால் பூச்சி பறந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் சகஜம் என்று இருந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிரஷர் நூற்றெழுபது. அன்றே வயிற்றைக் கிழித்து மகனை எடுத்தார்கள். ஒன்றரைக் கிலோகூட இல்லை. இன்று அவன் சுவரேறிக் குதிக்கிறான், அது வேறு விஷயம்.

அதனால்தான் தங்கை உண்டானதும் பிரஷர் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கிக்கொண்டாள். ஞாயிறு தவறாமல் போய்ப் பார்த்து, ஒரு நோட்டில் எழுதுவாள். "நீ என்னைப் பார்க்க வர்றியா, என் கையைப் பார்க்க வர்றியா?" என்று தங்கை கிண்டலடிப்பாள்.

ஏழு மாதம் முடிந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தங்கை போன் செய்தாள். "அக்கா, ரெண்டு நாளா காய்ச்சல். தலைவலி தாங்கல. உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு."

அக்கா பாதி வெட்டிய துணியை மேஜையிலேயே போட்டுவிட்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். இளம் டாக்டர் காகிதத்தைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். "பிளேட்லெட் எண்பதாயிரம்தான் இருக்கு. ஈரல் டெஸ்டும் ஏறியிருக்கு. பிரஷரும் நூத்தி நாப்பது. கர்ப்ப பிரஷர் முத்தினா இப்படித்தான் வரும். குழந்தையை இப்பவே எடுக்க வேண்டி வரலாம்."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தங்கைதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஊசி எனக்குத்தானே போட்டாங்க. நீ ஏன் அழற?"

சற்று நேரத்தில் பெரிய டாக்டரம்மா வந்தார். "காய்ச்சல் முதல்ல வந்துச்சா, தலைவலியா?" என்று கேட்டார்.

"காய்ச்சல்தான்."

படியேறி வந்ததில் தங்கைக்கு வாங்கிய மூச்சு இப்போது அடங்கியிருந்தது. மறுபடி பார்த்தபோது பிரஷர் நூற்றுப் பன்னிரண்டு. அக்கா தனக்கு அன்று வந்ததைச் சொல்லி, பையைத் துழாவி நோட்டை நீட்டினாள். டாக்டரம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு ஞாயிறுகூட நூற்றிருபதைத் தாண்டவில்லை. சிறுநீரில் புரோட்டீனும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது.

"இது வைரஸ் காய்ச்சல் மாதிரிதாம்மா தெரியுது. இதுலயும் கர்ப்ப பிரஷர்லயும் பிளேட்லெட் குறையும், ஈரலும் கெடும். பார்க்க அச்சு அசலா ஒண்ணு போலவே இருக்கும். ஆனா அன்னிக்கு உங்களுக்கு வந்தது நஞ்சுக்கொடியில ஆரம்பிக்கிற நோய். பிரசவம் ஆனாத்தான் இறங்கும். இது வெளியிலருந்து வந்தது, தானா போயிடும். பிளேட்லெட் இவ்வளவு கம்மியா இருக்கும்போது அவசரப்பட்டு குழந்தையை எடுத்தா ரத்தம் நிக்காம போற ஆபத்து வேற."

"அப்போ எடுக்க வேண்டாமா?"

"வேண்டாம். ஆனா இங்கயே இருக்கணும். பிரஷரை நாங்க விடாம பார்ப்போம்."

மறுநாள் வைரஸ் என்றே உறுதியானது. ஆனால் பிளேட்லெட் அறுபதாயிரத்துக்கு இறங்கியது. அதற்கடுத்த நாள் ஐம்பத்தைந்து. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றில் குழந்தை உதைக்கும்போதெல்லாம் தங்கை அவள் கையை இழுத்து வைத்து, "பாரு, உன்னைத்தான் திட்டுது" என்பாள். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. ஐந்தாம் நாள் எழுபது. ஏழாம் நாள் ஒரு லட்சத்து இருபதாயிரம்.

இளம் டாக்டர் தானே வந்து சொன்னாள். "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம். நானும் பயந்துட்டேங்க."

"நீங்க பயந்ததுல தப்பில்ல, டாக்டர்," என்றாள் அக்கா. "எனக்காக அன்னிக்கு யாராவது முன்னாடியே பயந்திருக்கணும்."

மறுநாள் தங்கையை வீட்டில் விட்டுவிட்டு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்து சாயங்காலம் வரை தூங்கினாள். கடை முதலாளி மூன்று முறை போன் செய்தும் எழுந்திருக்கவில்லை.

முப்பத்தொன்பதாவது வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ. தங்கையின் பிரஷர் அதன்பிறகு கடைசிவரை ஏறவே இல்லை.