மெற்றில்டாவின் முதல் கட்சிக்காரர்

மெற்றில்டா சட்டம் படித்தது தமிழ்நாட்டில், அகதி முகாமிலிருந்து நாளாந்தம் பஸ்ஸில் போய் வந்து. பட்டம் கிடைத்தது. ஆனால் அகதி என்றபடியால் அங்கே வழக்குப் பேச முடியவில்லை. சண்டை முடிந்து மன்னாருக்குத் திரும்பினாள். இங்கே விசாரித்தபோது, பட்டம் இந்தியாவினது என்றபடியால் மறுபடியும் சோதனைகள் எழுதவேண்டும் என்றார்கள். இரண்டு நாட்டுச் சட்டமும் தெரிந்த, இரண்டு நாட்டு நீதிமன்றத்திலும் வாய் திறக்க முடியாத ஒருத்தி என்ன செய்யலாம்? படிப்பிக்கலாம். அதற்கு மட்டும் ஒருவரும் தடை சொல்லவில்லை.

ஒரு பல்கலைக்கழகம் வேலை செய்பவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்திய சட்டப் பாடநெறியில், குற்ற வழக்குகளில் அரசியலமைப்பு உரிமைகள் என்ற பாடம் அவளுக்குக் கிடைத்தது. டவுனில் இடம் இல்லை. அதனால் வகுப்பு பாப்பாமோட்டை என்ற ஊரில், விவசாயிகளின் கமக்கார அமைப்பு மண்டபத்தில் நடந்தது. மண்டபத்தின் ஒரு பாதியில் உர மூட்டைகள், மறுபாதியில் மாணவர்கள். கரும்பலகைக்குப் பின்னால் ஊருக்கு உதவியாகக் கிடைத்த, தண்ணீர் இறைக்கும் மிசின்.

"ஒருத்தரைக் கைது செய்தால் காரணம் சொல்ல வேணும். பதின்மூன்றாம் உறுப்புரை," என்று மெற்றில்டா படிப்பித்தாள்.

"சொல்லாட்டி, மிஸ்?" என்றான் ஜெனோஜன். மீன் வாடியில் வேலை செய்பவன்.

"கேக்க வேணும்."

"கேட்டா அடிப்பாங்கள், மிஸ்."

"அது அடுத்த கிழமைப் பாடம்."

அடுத்த கிழமை அந்தப் பாடம் நடக்கவில்லை. மிசின் காணாமற் போயிருந்தது. மண்டபத்தின் கதவில் அமைப்பின் தலைவர் அருளப்பு பூட்டோடு நின்றார்.

"உர மூட்டை நடக்காது, ரீச்சர். நடக்கிறது உங்கட ஆக்கள்தான்," என்றார். "எல்லாரும் மடுத் தேவாலயத்துக்கு வந்து மாதாவுக்கு முன்னால சத்தியம் பண்ணட்டும். இல்லாட்டி மண்டபம் இல்லை."

"பொலிசில சொல்லலாமே, ஐயா?"

"பொலிசுக்குப் போனா வருசக்கணக்கா அலையவேணும். மாதாவிட்டப் போனா பின்னேரத்துக்கு முடிவு தெரியும்."

மெற்றில்டா வாதாடவில்லை. மண்டபம் போனால் வகுப்புப் போகும். வகுப்புப் போனால் அவளிடம் சட்டம் என்று இருப்பது அலுமாரிக்குள் இருக்கும் பட்டம் மட்டும்தான். சத்தியம்தானே, பண்ணிவிட்டு வந்து பாடத்தைத் தொடங்குவோம் என்று நினைத்து, ஜெனோஜன் ஓட்டிய உழவு மிசினின் பின்னால் பூட்டிய பெட்டியில் மாணவர்களோடு தானும் ஏறினாள்.

பயணத்தை அருளப்பு கவனமாக ஒழுங்கு செய்திருந்தார். சைவ ஆட்களுக்கு வழியில் ஒரு பிள்ளையார் கோயில். வகுப்பில் இருந்த பர்ஸானாவுக்கு ஒரு பள்ளிவாசல். மிச்சப் பேருக்கு மடு.

"நான் உள்ளுக்குப் போய்ச் சத்தியம் பண்ணினா நீங்கள் எல்லாரும் வெளியிலதானே நிப்பீங்கள். நான் என்ன சொன்னனான் எண்டு ஆருக்குத் தெரியும்?" என்று பர்ஸானா கேட்டாள்.

"உன்ர முகத்தைப் பாத்தா எனக்குத் தெரியும், பிள்ளை."

"அப்ப இப்பவே பாருங்கோவன்! டீசல் மிச்சம்."

பெட்டி முழுக்கச் சிரித்தது. அருளப்பு சிரிக்கவில்லை.

பள்ளிவாசலடியில் பர்ஸானா இறங்க மறுத்தாள். "நான்தான் எடுத்தனான் எண்டா நீங்கள் அதை நிரூபிக்க வேணும். எடுக்கேல்லை எண்டு நான் நிரூபிக்கத் தேவையில்லை. மிஸ்தான் படிப்பிச்சவ."

எல்லோரும் மெற்றில்டாவைப் பார்த்தார்கள். தான் படிப்பித்தது ஒருவருக்காவது விளங்கியிருக்கிறது என்று முதன்முதலாக அறிந்த நேரம், அது விளங்காமல் இருந்திருக்கலாமே என்று அவளுக்கு இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, மிசினை எடுக்கச் சொல்லி ஜெனோஜனுக்குக் கை காட்டினாள். உழவு மிசின் பிள்ளையாரையும் மறந்து நேரே மடுவுக்குப் போனது.

மடுவில், மரங்களுக்குக் கீழே, அருளப்பு இறங்கினார்; வேறு ஒருவரும் பெட்டியை விட்டு இறங்கவில்லை.

"மிஸ், இதையே சோதனையில கேட்டா என்ன எழுதுறது?" என்றான் ஜெனோஜன்.

"நிரூபிக்கும் வரைக்கும் எல்லாரும் சுத்தவாளி எண்டு."

"அப்ப இப்ப என்ன செய்யிறது?"

மெற்றில்டா அருளப்புவின் இடுப்பில் தொங்கிய மண்டபத் திறப்பைப் பார்த்தாள். பிறகு, "சோதனையில எழுதுறதைத்தான்," என்றாள். "நானும் சத்தியம் பண்ண மாட்டன், ஐயா."

"அப்ப ரீச்சரோட சேத்து முழுப் பேரும் கள்ளர்!"

மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய ரவிசந்திரன் பெட்டியின் பின்பக்கத்தில் இருந்து எழும்பினான். "மண்டபத்துச் சாவி ஒங்ககிட்டதானங்க இருக்கு? நீங்க மொதல்ல பண்ணுங்க, ஐயா."

"எனக்கென்ன பயம்?" அருளப்பு செருப்பைக் கழற்றினார். தேவாலயத்தைப் பார்த்து வலது கையை நீட்டினார். வாயைத் திறந்தார். கை நீட்டியபடியே நின்றது. சத்தம் வரவில்லை. மெல்லக் கையை இறக்கிவிட்டார்.

"ஐயாதான் எடுத்திருக்காரு!" என்று ரவிசந்திரன் கத்தினான். பெட்டி முழுக்க ஆரவாரம்.

"பொத்துங்கோ வாயை!" மெற்றில்டா அப்படிக் கத்தி ஒருவரும் கேட்டதில்லை. "பேசாமல் நிண்டா குற்றவாளியோ? இதைத்தானோ நான் இவ்வளவு நாளும் படிப்பிச்சனான்?"

அருளப்பு அவளுக்குக் கிட்ட வந்தார். முகம் வேர்த்திருந்தது. "பிள்ளை, எனக்கு ஒரு சட்டத்தரணி வைக்கலாமோ?"

"ஓம்!" என்றது வகுப்பு. "பதின்மூன்று, மூன்று!"

"இங்க ஆர் இருக்கினம்?" என்று அருளப்பு கேட்டார்.

"எனக்கு நீதிமன்றத்தில பேச அனுமதி இல்லை, ஐயா," என்றாள் மெற்றில்டா.

"இது நீதிமன்றம் இல்லைத்தானே. அப்ப நீங்கள் பேசலாம்."

மெற்றில்டா பெட்டியை விட்டு இறங்கினாள். கட்சிக்காரரை மரத்துக்கு அப்பால் கூட்டிக்கொண்டு போனாள்.

"மிசினை நான் தொடேல்லை, பிள்ளை. ஆனா கையை நீட்டின உடன வேற ஒரு விசயம் நினைவுக்கு வந்திட்டுது. சனத்துக்கு வந்த நிவாரணக் கூரைத் தகரத்தை நான் பங்கிட்டுக் குடுத்த நேரம்..."

"சொல்ல வேண்டாம், ஐயா. குற்றச்சாட்டு மிசின் மட்டும்தான்."

திரும்பி வந்து பெட்டிக்கு முன்னால் நிமிர்ந்து நின்றாள். "எனது கட்சிக்காரர் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. அவர் மிசின் எடுத்ததைக் கண்டவர் ஆராவது இருக்கினமோ?"

ஒருவரும் இல்லை.

"அப்படியென்றால் அவர் சுத்தவாளி."

"அப்ப நாங்க?" என்றான் ரவிசந்திரன்.

மெற்றில்டா தன் கட்சிக்காரரைப் பார்த்தாள். "நீங்களும்தான்," என்றார் அருளப்பு. பிறகு குரலைத் தாழ்த்தி, "மண்டபத்தை இப்ப பூட்டினா, பிள்ளை, அது தண்டனை குடுத்த மாதிரியோ?" என்று கேட்டார்.

"ஓம், ஐயா. நீதிமன்றம் சொல்லாமல் ஆருக்கும் தண்டனை குடுக்கேலாது. பதின்மூன்று, நான்கு."

"அப்ப வழக்கு முடியும் வரைக்கும் வகுப்பை நடத்துங்கோ." இடுப்பிலிருந்து திறப்பைக் கழற்றி நீட்டினார். "வழக்கு எப்ப முடியும்?"

"அது இன்னும் தொடங்கேல்லை, ஐயா."

தலையாட்டிவிட்டு அருளப்பு தேவாலயத்துக்குள் போனார். முழந்தாளில் இருந்தவர் எழும்பவேயில்லை. ஜெனோஜன் இரண்டு முறை ஹோர்ன் அடித்தான். மூன்றாம் முறை அடிக்கப் போனவனை மெற்றில்டா தடுத்துவிட்டு, பர்ஸானா கொண்டுவந்த வடைப் பார்சலைப் பிரித்தாள். அடி வாங்காமல் இருக்கும் உரிமை பற்றிய பாடத்தைப் பெட்டிக்குள் இருந்தபடியே தொடங்கினாள்.