பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாட்கள்

போன வாரம் ஒரு மாணவர் என் மேஜைமேல் லாக்புக்கை விரித்து வைத்து, "சார், பதினஞ்சு நாளுக்கும் சேத்து மொத்தமா கையெழுத்துப் போட்டுருங்க சார்" என்றார். குடும்ப மருத்துவத்தில் எலெக்டிவ் பயிற்சி. வந்தது மூன்றே நாள். மற்ற நாளெல்லாம் மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படித்தாராம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் கோபப்பட எனக்கு என்ன அருகதை என்று யோசித்ததில் எரிச்சல்தான் கூடியது. நானும் ஆசைப்பட்டு அதை எடுத்தவன் இல்லை.

டாக்டர் படிப்பில் மூன்றாம் வருடம் முடிந்ததும், மாணவனே விரும்பித் தேர்ந்தெடுக்கும் பயிற்சி என்று இதைக் கொண்டுவந்தார்கள். நான் விரும்பியது இருதயப் பிரிவு. எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் ஈயக் கவசம் மாட்டிக்கொண்டு ஒரு போட்டோ எடுத்துவிட வேண்டும், அதைத் தாண்டி உயர்ந்த லட்சியம் எதுவும் கிடையாது. பட்டியலில் என் முறை வருவதற்குள் இருதயம், எலும்பு, தோல் எல்லாம் பறந்துவிட்டன. மிஞ்சியது குடும்ப மருத்துவம், கோட்டையூரில் ஒரு சின்ன கிளினிக். எனக்கு எழுதி வைத்தது சளியும் இருமலும்தான் என்று அம்மாவிடம் போனில் புலம்பினேன்.

காரைக்குடியிலிருந்து மினி பஸ்ஸில் போவேன். இன்றைக்கும் டீசல் வாடையோடு கருவாட்டு வாடை கலந்து வந்தால் எனக்கு அந்த பஸ்தான் ஞாபகத்துக்கு வரும். டிரைவர் கருப்பையா அண்ணன் ஐம்பதைத் தாண்டியவர். ஆள் வருவது தூரத்தில் தெரிந்தாலே நிறுத்திக் காத்திருப்பார். கண்டக்டர் தலையில் அடித்துக்கொள்வார்.

ஒருநாள் ஊர் நெருங்கும்போது பஸ் தானாக ஓரம் கட்டியது. அண்ணன் ஸ்டியரிங்மேல் தலை சாய்த்துக் கிடந்தார். "ஒண்ணுமில்ல தம்பி, கிறுகிறுன்னு வருது. செத்த நேரத்துல சரியாயிரும்" என்றார். என் பையிலிருந்த கருவியைக் கட்டிப் பார்த்தால் பிரஷர் பாதாளத்தில் இருந்தது. பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரைச் சீட்டில் சாய்த்துப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவரும் எங்கள் கிளினிக் நோயாளிதான். கிளினிக்குக்குப் போனதும் அவருடைய சீட்டை எடுத்துப் பார்த்தேன். மாதா மாதம் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வரும்போதெல்லாம் பிரஷர் உச்சத்தில் இருந்திருக்கிறது. கிளினிக்கை நடத்தும் டாக்டரம்மாவும் மாதா மாதம் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். ஒரு மாத்திரை நான்காகிவிட்டது. கிளினிக்கில் ஏறுகிற பிரஷர் பஸ்ஸில் ஏன் இறங்குகிறது? டாக்டரம்மாவுக்கும் புரியவில்லை.

லாக்புக்குக்காக ஒரு வீட்டுக்குப் போய்க் குடும்பப் படிவம் நிரப்ப வேண்டும். நான் அவர் வீட்டுக்கே போனேன். கழிப்பறை உண்டா, குடிநீர் எங்கிருந்து என்று நான் அண்ணனிடம் கேட்டுக்கொண்டிருக்க, அவர் மனைவி காப்பியை வைத்துவிட்டுப் போகிற போக்கில் சொன்னார்: "இன்னிக்கு இவுகளுக்கு மாத்திர கெடையாது தம்பி. நாளான்னைக்கு டெஸ்டுல்ல, ரெண்டு நாளைக்கு முன்னாடியே நிப்பாட்டிருவாக."

"ஏன்ணே?"

"மாத்திரையப் போட்டுட்டுப் போனா, நோய மறச்சுக் காட்டுற மாதிரில்ல ஆயிரும்? டாக்டருட்ட உண்மையத்தானே காட்டணும்" என்றார் அண்ணன்.

அந்த நேர்மையை என்ன செய்வது? இரண்டு நாள் நிறுத்தி உண்மையைக் காட்டுவார். டாக்டரம்மா அந்த உண்மைக்கு ஒரு மாத்திரை கூட்டுவார். மிச்ச நாளெல்லாம் எல்லாவற்றையும் ஒழுங்காக விழுங்கிவிட்டு பஸ் ஓட்டுவார். விஷயத்தைச் சொன்னதும் டாக்டரம்மா, "ஒரு வார்த்தை கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும்டா. நான் கேக்கவே இல்லையே" என்று தன்னையே திட்டிக்கொண்டார். அண்ணனைக் கூப்பிட்டு, பிரஷர் மாத்திரையை டெஸ்ட் அன்றைக்கும் வெறும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு வரச் சொன்னார். சில மாதங்களில் நான்கு ஒன்றானதாகப் பிறகு போனில் சொன்னார். கிறுகிறுப்பும் நின்றுவிட்டதாம்.

பயிற்சியின் கடைசி நாளில் நான் இந்த விஷயத்தை லாக்புக்கில் இரண்டு பக்கம் எழுதினேன். மார்பு நிமிர்த்திக்கொண்டு போய்க் காட்டினேன். கல்லூரியில் துறைப் பேராசிரியர் அந்த இரண்டு பக்கத்தையும் குறுக்கே அடித்துவிட்டு, "கழிப்பறைக் கட்டம் ஏன் காலியா இருக்கு?" என்று கேட்டார். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

டாக்டரம்மா கிளினிக்கை மூடிவிட்டு மகளோடு கோயம்புத்தூர் போய்விட்டார். அந்த இடத்தில் இப்போது ரத்தம் எடுக்கும் மையம் இருக்கிறது. ரிசல்ட் போனுக்கு வந்துவிடும், உள்ளே டாக்டர் யாரும் கிடையாது.

நேற்று காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் கருப்பையா அண்ணனைப் பார்த்தேன். பெஞ்சில், பயணிகளோடு பயணியாக, கையில் கம்போடு உட்கார்ந்திருந்தார்.

"வண்டிய விட்டுட்டேன் தம்பி. மறுபடி அதே கிறுகிறுப்பு. ஓனரு சாவிய வாங்கிக்கிட்டாரு."

பெரிய ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினார். பிரஷருக்கு மட்டும் ஐந்து மாத்திரை. எனக்குப் பகீரென்றது.

"டெஸ்டுக்கு மாத்திர போட்டுட்டுத்தானே போனீக?"

"இல்ல தம்பி."

"அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னோமேண்ணே!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "டாக்டரம்மாவுக்கு நம்மளத் தெரியும், போட்டுக்கிட்டுப் போகலாம். இங்க ஒவ்வொரு வாட்டியும் வேற டாக்டரு. புதுசா வர்றவுகளுக்கு நம்ம நோய் என்னன்னு தெரிய வேணாமா?"

நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு வழி சொல்லி, நாளைக்கே வாங்க, இனிமேல் நானே பார்க்கிறேன் என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "நீங்க அங்குட்டு எம்புட்டு நாளைக்கு இருப்பீக தம்பி?" என்று கேட்டார்.

என் ஒப்பந்தம் அடுத்த மாதத்தோடு முடிகிறது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.