திருத்தம் தேவை என்று நான் ஒட்டிய சீட்டு

இப்போது நினைத்தாலும் காது மடல் சுடுகிறது. அந்தக் கோபம் யார்மேல் கிளம்பி எங்கே போய் முட்டியது என்று எழுதிவிட்டால் கொஞ்சம் ஆறுமோ என்னவோ.

மூன்று பேர் சேர்ந்து ஒரு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். சேலைக் கரையின் படத்தைக் கணினியில் வரைந்தால், தறிமேல் தொங்கும் அட்டைகளில் எங்கெங்கே துளை போட வேண்டும் என்று கட்டம் கட்டமாக அச்சிட்டுத் தரும். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். நிரல் எழுதியவர் சின்னக் காஞ்சிபுரத்துக் கணக்கு வாத்தியார். செய்முறை விளக்கம் என் பொறுப்பு. செய்து பார்த்துச் சரி, தப்பு சொன்னவர் பிள்ளையார்பாளையத்தில் அட்டை அடிக்கும், அதாவது அந்தத் துளைகளைப் போடும் ஓர் அம்மாள்.

விளக்கங்களை ஒரு விக்கியில் எழுதினோம். எங்கள் மூவரில் யாரும் உள்ளே நுழைந்து எழுதலாம், அடுத்தவர் எழுதியதை மாற்றலாம். ஊரார் கண்ணுக்கு விக்கி தெரியாது; அவர்களுக்கு வலைத்தளம். தினமும் விடியற்காலையில் ஒரு நிரல் எழுந்து, விக்கியின் பக்கங்களை வாரி எடுத்து, தளமாக விரித்துவிடும். பூக்காரர்கள் கூடையை இறக்குவதற்குள் எங்கள் தளம் புதிதாகியிருக்கும். ஏற்றுமதி என்று நாங்கள் பெயரிட்ட அந்த ஏற்பாட்டின்மேல் எனக்கு ஒரு மயக்கமே இருந்தது. கை படாமல் நடக்கிற வேலை!

கை படாமல். அந்தச் சொல்லைத்தான் இன்று பல்லுக்கிடையில் வைத்துக் கடிக்கிறேன்.

ஒரு மத்தியானம் அந்த அம்மாள் என் வீட்டு வாசலில் சைக்கிளைச் சாத்தினார். வியர்வையைக்கூடத் துடைக்கவில்லை.

"இன்னா சார், என் மயிலு பக்கத்த எங்க தூக்கிப் போட்டீங்க?"

சேலையின் இரண்டு கரையிலும் மயில்கள் ஒன்றையொன்று பார்த்து நிற்க வேண்டும். எங்கள் மென்பொருள் இடக்கரைக்கு மட்டுமே தாள் தரும். அதையே அப்படியே வைத்து வலக்கரைக்கும் அடித்தால் அந்த மயில் முதுகைக் காட்டும். தாளைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கம் குறித்துக்கொண்டு அடிக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். கைப்பேசியிலேயே தட்டி விக்கியில் ஒரு பக்கமும் எழுதியிருந்தார். முசரவாக்கத்தில் அட்டை அடிக்கும் ஒரு வீட்டாரிடம், "அதுல எல்லாம் எழுதி வெச்சிருக்கேன், பாத்து அடிங்க" என்று சொல்லியும் இருந்தார். அவர்கள் தளத்தில் தேடினார்கள். அப்படியொரு பக்கமே இல்லை. தெரிந்தபடி அடித்தார்கள். வலக்கரை அட்டை மொத்தமும் வீண்.

"அட்ட போனா போவுது சார். தொழில் நுணுக்கத்த மறைச்சி நம்மள கெடுத்துட்டா கெட்டிக்காரின்னு பேசிக்கினு இருக்காங்க. நான் மறைக்கிறவளா? என் ஃபோன்ல பாருங்க, இருக்குது. அவங்க ஃபோன்ல இல்ல. அது எப்படி?"

அவர் பார்த்தது விக்கி. அவர்கள் பார்த்தது தளம். நடுவில் எங்கேயோ ஒரு மனுஷியின் வாக்கு விழுந்து கிடந்தது.

வாத்தியார் வீட்டுக்குக் கொதித்துக்கொண்டு போனேன். தேரடி நெரிசல், பேருந்தின் ஊளை, வெயில், எல்லாவற்றுக்கும் அவரே காரணம் என்பதுபோல் மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

"தானா நடக்குது, தானா நடக்குதுன்னு பெருமை பேசினீங்களே சார், உங்க நிரல் ஒருத்தங்க பேரையே கெடுத்துட்டு வந்திருக்கு!"

"காபி குடிச்சுட்டுக் கத்துங்கோ. அதுக்குச் சொந்த புத்தி கிடையாது, நாம சொன்னதைத்தான் செய்யும்" என்றபடி அன்றைய ஏற்றுமதிக் குறிப்பைத் திறந்தார். "இதோ. அந்த மயில் பக்கத்தோட தலையில 'திருத்தம் தேவை'ன்னு சீட்டு இருக்கு. சீட்டு இருந்தா தளத்துக்கு அனுப்பாதேன்னு நாம மூணு பேரும் பேசி வெச்ச விதிதானே?"

"எவன் ஒட்டினான் அந்தச் சீட்டை?"

யார் எப்போது எதை மாற்றினார் என்று விக்கி குறித்து வைத்திருக்கும். வாத்தியார் பக்கத்தின் வரலாற்றைத் திறந்து திரையை என் பக்கம் திருப்பினார். என் பெயர்.

ஞாபகம் வந்தது. அந்த அம்மாள் தாம் பேசுவதுபோலவே எழுதியிருந்தார். "மொதல்ல தாள திருப்பிக்கோமா, அவசரப்படாத" என்று தொடங்கும். அழகான வாக்கியங்களாக நானே மாற்றிவிடுகிறேன் என்று சீட்டை ஒட்டினேன். ஒட்டிவிட்டு வேறு எதையோ அழகாக்கப் போய்விட்டேன். கேட்டேனா அவரை? சொன்னேனா? ஒவ்வொரு விடியலிலும் அந்த நிரல் என் அகம்பாவத்துக்குக் கீழ்ப்படிந்து அவருடைய பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறது. தானாக நடந்ததாம். எவ்வளவு வசதியான சொல்!

சீட்டை எடுத்தேன். விடியும்வரை பொறுக்க முடியாது, நிரலை இப்போதே ஓட்டுங்கள் என்றேன். ஓட்டினார். ஒரு சொல்லும் மாறாமல் பக்கம் தளத்தில் வந்து நின்றது.

அந்த அம்மாளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். மறுமுனையில் சுத்தியல் சத்தம் நின்றது.

"நீங்களா சார்?"

"நான்தாம்மா. மன்னிச்சிருங்க."

"எங்கிட்ட எதுக்கு? பேசினவங்க அங்க இருக்காங்க. வண்டி இருக்குது இல்ல? கெளம்புங்க."

அவரையும் ஏற்றிக்கொண்டு போனேன். முசரவாக்கத்தில் அந்த வீட்டுக்காரர் வீணான அட்டைகளைச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார். மனைவி அடுத்த வேலையின் வலக்கரைக்கு அடிக்கத் தாளைப் பலகைமேல் விரித்துக்கொண்டிருந்தார்.

"மறைச்சது இவங்க இல்லீங்க. நான்" என்றேன்.

"எதுக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"இன்னும் நல்லா எழுதித் தரலாம்னு..."

"எழுதினியா?"

"இல்ல."

அவர் என்னை விட்டுவிட்டு அந்த அம்மாளைப் பார்த்தார். "தப்பா பேசிட்டேம்மா. மனசுல வெச்சுக்காத."

"வெச்சுக்குவேன்" என்றார் அந்த அம்மாள். "மொதல்ல அதப் படிண்ணா."

வீட்டுக்காரர் தன் கைப்பேசியில் தளத்தைத் திறந்து, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். "மொதல்ல தாள திருப்பிக்கோமா..."

'அவசரப்படாத' வருவதற்குள் அவர் மனைவி தாளைத் திருப்பியிருந்தார்.