காதர் பாய் திருப்பிச் சொன்னார்

1. முதல் நாள்

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் நான் சிக்னல்மேன். கிரேன் தூக்கிவரும் கன்டெய்னரை எங்கே இறக்குவது என்று கீழே நின்று கை காட்டுவது என் வேலை. நான் படித்தது ஐந்தாவது வரைதான். கை காட்டப் படிப்பு எதற்கு? கிரேன் ஆபரேட்டர் காதர் பாயும் நானும் பன்னிரண்டு வருடம் பேசாமலேயே வேலை பார்த்தோம்.

பிறகு கன்டெய்னர்களை மூன்று அடுக்காக வைக்க ஆரம்பித்தார்கள். அடுக்குக்குப் பின்னால் நிற்கும் நான் பாயின் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆளுக்கொரு வாக்கி டாக்கி கொடுத்தார்கள்.

"சிக்னல்மேன் சொல்றத ஆபரேட்டர் திருப்பிச் சொல்லணும். அப்புறம்தான் கிரேன் அசையணும்" என்றார் சூப்பர்வைசர்.

பட்டனை அழுத்தி, "பாய், ரெண்டு அடி எறக்கு" என்றேன்.

"ரெண்டு அடி எறக்கறேன்."

"நிறுத்து."

"நிறுத்திட்டேன்."

பத்து முறை பொறுத்தேன். வீட்டில் என் பிள்ளைகள் என்னைப் பழித்துக் காட்டுவது இப்படித்தான்.

"இன்னா பாய், நக்கலா? நான் சொல்றதையே சொல்லிக்கினு கீற?"

"யோவ், சூப்பர்வைசர் சொன்னாருய்யா!"

"அதெல்லாம் வாணாம். வாயத் தொறக்காம எறக்கு."

பாவம், மனிதர் அப்படியே செய்தார்.

2. பஜனை

அந்த வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் பஜனை. பெரியவர் ஓர் அடி பாடுவார், நாங்கள் அதையே திருப்பிப் பாடுவோம். பாடிக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் பழிப்பதாக அவர் என்றைக்காவது கோபித்தாரா? எங்கள் குரல் வந்த பிறகுதானே அடுத்த அடிக்கே போகிறார்?

மறுநாள் பாயிடம், "மனசுல வச்சிக்காத. இனிமே திருப்பிச் சொல்லு" என்றேன்.

"அம்மன் தலையில குட்டுச்சா?" என்று சிரித்தார்.

3. பொட்டு வைத்த செட்

அந்தச் சந்தோஷத்தில், அடுத்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் என் வாக்கி டாக்கி செட்டைத் துடைத்துக் குங்குமப் பொட்டு வைத்தேன். ஆபீஸில் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். சார்ஜரில் போட வேண்டும் என்பது நினைவிலேயே இல்லை.

மறுநாள் காலை. கன்டெய்னர் இறங்கிக்கொண்டிருந்தது. அடியில் போட்ட கட்டை கோணலாக இருக்கிறதென்று லோடுமேன் மாரி சட்டென்று குனிந்து உள்ளே போய்விட்டான்.

"நிறுத்து பாய்!" என்றேன்.

பதில் இல்லை.

பாயின் வாயை நான் அடைத்த அந்த நாட்களாக இருந்தால், அவர் கேட்டுக்கொண்டார் என்றே நம்பி நின்றிருப்பேன். பதில் வராததால்தான், அவர் காதில் விழவில்லை என்று தெரிந்தது. செட்டை எறிந்துவிட்டு, இரண்டு விரலை வாயில் வைத்து நீட்டி விசில் அடித்தேன். அதுதான் எங்கள் பழைய 'நிறுத்து'.

மாரியின் தலைக்கு ஒரு முழம் மேலே கன்டெய்னர் நின்றது.

பாய் இறங்கி ஓடிவந்தார். முதலில் மாரியைத் தடவிப் பார்த்தார். பிறகு கீழே கிடந்த செட்டை எடுத்துப் பார்த்தார். உயிரில்லை. பொட்டு மட்டும் பளிச்சென்று இருந்தது.

"சாமிக்குக் காட்டினே, சரி. கரண்டுக்குக் காட்டினியா மாமு?"

மாரிதான் முதலில் சிரித்தான்.

புதிதாக வேலைக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். வாயால் சொன்னதோடு நம் வேலை முடிவதில்லை. கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லும்வரை காத்திருங்கள். அம்மன் புண்ணியத்தில், ஓர் உயிர் போகாமலே நான் இதைக் கற்றுக்கொண்டேன்.

ரிட்டயரான பிறகும் பழக்கம் விடவில்லை.

"ரேஷன்ல சக்கரையும் பருப்பும் வாங்கினு வாய்யா" என்பாள் மனைவி.

"சக்கரையும் பருப்பும் வாங்கினு வரேன்."

"இன்னாய்யா, நக்கலா?"